அமெரிக்கக் குடியேற்றத் துறையை மாற்றியமைக்கும்போது காங்கிரஸ் என்ன செய்கிறது: கவனித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் குடியேற்றத் துறையை மாற்றியமைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தவுடன் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எழும் முதல் கேள்வி "அப்போ என் ஃபைல் என்ன ஆகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதில் செய்தியில் கிடைக்காது, அமைச்சரின் பேட்டியிலும் கிடைக்காது. யார் எதை எங்கே மாற்றலாம், அதற்குப் பணம் எங்கிருந்து வரும், யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று காங்கிரஸ் எழுதி வைத்த சட்டப் பிரிவுகளில்தான் இருக்கிறது. (காங்கிரஸ் என்றால் இங்கே நம்மூர்க் கட்சி இல்லை. கீழவை, செனட் இரண்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்.) வக்கீல் படிப்பு தேவையில்லை. எதை முதலில் பார்ப்பது, எதை நம்பக் கூடாது என்று தெரிந்தால் போதும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துறையை உடைக்கிற நேரத்தில் காங்கிரஸ் பலமாகத்தான் இருக்கும். உடைத்த பிறகு துண்டுகள் எப்படி ஓடுகின்றன என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பதில்தான் அது சொதப்பும்.

படி 1: எது எந்தத் துறையின் கையில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து படிக்கப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துணைத் தூதரகத்தில் மாணவர் விசா முத்திரை குத்துவது வெளியுறவுத் துறை. விமான நிலையத்தில் கைரேகை வாங்கி உள்ளே விடுவது சிபிபி (சுங்க, எல்லைப் பாதுகாப்பு அமைப்பு). கல்லூரியில் அவள் ஒழுங்காகச் சேர்ந்தாளா என்று பதிவு வைத்திருக்கும் செவிஸ் என்ற கணினி அமைப்பு ஐஸ் (குடியேற்ற, சுங்க அமலாக்க அமைப்பு) கையில் இருக்கிறது. ஆமாம், ஆட்களைப் பிடித்து நாடு கடத்தும் அதே ஐஸ்தான். படிப்பு முடிந்து ஹெச்-1பி (வேலை விசா வகை) கேட்டால் அது யுஎஸ்சிஐஎஸ் (குடியுரிமை, குடியேற்றச் சேவை அமைப்பு). வேலை வழியாக வாங்கும் கிரீன் கார்டுக்குப் பொதுவாக முதல் படியான பெர்ம் என்ற சான்றிதழைத் தருவது தொழிலாளர் துறை. ஏதாவது தகராறாகிக் குடியேற்ற நீதிமன்றம் வரை போனால் அந்த நீதிபதிகள் அரசு நிர்வாகத்தின் ஒரு துறையான நீதித்துறையின் (Department of Justice) ஊழியர்கள்.

சிபிபி, ஐஸ், யுஎஸ்சிஐஎஸ் மூன்றும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் இருக்கின்றன. மற்றவை வெளியே. ஆக "குடியேற்றத் துறையை மாற்றுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் முதலில் திருப்பிக் கேளுங்கள், எந்தத் துண்டை? ஐஸில் நடக்கும் மாற்றம் உங்கள் ஹெச்-1பி நீட்டிப்பை ஒன்றும் செய்யாமல் போகலாம், அதே மாற்றம் உங்கள் தம்பியின் மாணவர் பதிவைத் தொடலாம்.

படி 2: 2002-03 கதையைப் படியுங்கள், மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி

இந்தப் படியில் கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் இன்றைக்கு நடக்கும் எல்லாச் சண்டைக்கும் வேர் இங்கேதான்.

அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே அலுவலகம், ஐஎன்எஸ் (குடியேற்ற, குடியுரிமைச் சேவை அலுவலகம்). 1933-ல் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துத் தொழிலாளர் துறைக்குள் உருவாக்கினார்கள். 1940-ல் போர் பயத்தில் ரூஸ்வெல்ட் அதை நீதித்துறைக்கு மாற்றினார். விண்ணப்பத்தை அங்கீகரிப்பதும் அதே அலுவலகம், ஆளைத் துரத்திப் பிடிப்பதும் அதே அலுவலகம். இது சரிப்படாது, கலைத்துவிட்டு வேலைகளைப் பிரியுங்கள் என்று காங்கிரஸே அமைத்த குடியேற்றச் சீர்திருத்த ஆணையம் 1997-ல் அறிக்கை கொடுத்தது. பார்பரா ஜோர்டன் தலைமை தாங்கிய ஆணையம் அது, ஆனால் இறுதி அறிக்கை வரும் முன்பே அவர் காலமாகிவிட்டார். அறிக்கை அப்படியே கிடந்தது.

அப்புறம் 2001 செப்டம்பர் 11. அதற்குச் சரியாக ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச் 11 அன்று ஃபுளோரிடாவின் வெனிஸ் நகரில் இருந்த ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கு ஐஎன்எஸ்ஸிடமிருந்து தபால் வந்தது. முகமது அட்டா, மர்வான் அல்-ஷெஹி இருவருக்கும் மாணவர் நிலைக்கு மாற அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற தகவல். இருவரும் விமானங்களைக் கோபுரங்களில் மோதிச் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அனுமதி கொடுத்தது 2001 கோடையிலேயே, தாக்குதலுக்கு முன்பு. காகிதம்தான் இவ்வளவு நாள் கழித்து வந்து சேர்ந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அலுவலகம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் பயங்கரமே.

அதன் பிறகு யாராலும் ஐஎன்எஸ்ஸைக் காப்பாற்ற முடியவில்லை. 2002 ஏப்ரல் 25 அன்று கீழவை, ஐஎன்எஸ்ஸைக் கலைக்கும் மசோதாவை 405-க்கு 9 என்று நிறைவேற்றியது. ஜூன் மாதம் புஷ் புதிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை முன்மொழிய, அந்த யோசனையும் அதற்குள் போய்ச் சேர்ந்தது. நவம்பர் 25 அன்று கையெழுத்தான சட்டம் 22 அமைப்புகளை ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. 2003 மார்ச் 1 அன்று ஐஎன்எஸ் இல்லாமல் போனது.

இங்கே ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிப்பதில்லை. காங்கிரஸ் எழுதிய சட்டம் ஐஎன்எஸ்ஸை இரண்டாக வெட்டச் சொன்னது: சேவைகளுக்கு ஒன்று, அமலாக்கத்துக்கு ஒன்று. 2003 ஜனவரி 30 அன்று, சட்டம் வந்து இரண்டு மாதம் தாண்டிய சில நாட்களிலேயே, அதே சட்டம் தந்த அதிகாரத்தை வைத்து வெள்ளை மாளிகை அமலாக்கத் துண்டை இன்னும் இரண்டாக்கிச் சுங்கத் துறையின் ஆட்களோடு கலந்துவிட்டது. எல்லைக் காவலும் நுழைவுச் சோதனையும் சிபிபி ஆயின. புலனாய்வும் காவலில் வைப்பதும் ஐஸ் ஆயின. சட்டப் புத்தகத்தில் இருந்த பெயர் ஒன்று, வாசலில் தொங்கிய பலகை வேறு. சிபிபியின் இப்போதைய அமைப்பை முறையாகச் சட்டத்தில் எழுதவே 2016 பிப்ரவரி ஆகிவிட்டது. பதின்மூன்று வருடம்!

படி 3: இது சட்டம் படைத்த அலுவலகமா, உத்தரவு படைத்ததா?

எந்த மறுசீரமைப்புச் செய்தி வந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை உருவாக்கிய 2002 சட்டத்தின் 872-வது பிரிவைத் திறந்து பாருங்கள். துறைச் செயலர் தன் துறைக்குள் வேலைகளை மாற்றி ஒதுக்கலாம், பிரிவுகளைச் சேர்க்கலாம், மூடலாம். ஆனால் காரணத்தை எழுதிக் காங்கிரஸ் குழுக்களுக்கு அறிவித்து 60 நாள் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு வேலியும் உண்டு: சட்டமே படைத்த அலுவலகத்தையோ பணியையோ இந்த அதிகாரத்தை வைத்து ஒழிக்க முடியாது.

471-வது பிரிவில் இன்னொரு பூட்டு. சேவைப் பிரிவையும் அமலாக்கப் பிரிவையும் மறுசீரமைப்புத் திட்டம் என்ற பெயரில் திரும்ப ஒட்டவைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். பழைய ஐஎன்எஸ் கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்துவிடும் என்று அவர்கள் பயந்தது அந்த வரியிலேயே தெரிகிறது.

சரி, 60 நாள் அறிவிப்பு கொடுத்தாயிற்று, ஒரு குழுவுக்குப் பிடிக்கவில்லை, அவர்களால் நிறுத்த முடியுமா? முடியாது. காரணம் 1983-ல் வந்த ஒரு தீர்ப்பு, அதுவும் ஒரு குடியேற்ற வழக்கில். ஜக்தீஷ் ராய் சாதா கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட், ஒஹாயோவில் படிக்க வந்தவர். விசா முடிந்த பிறகு, அவரை நாடு கடத்த வேண்டாம் என்று குடியேற்ற நீதிபதி 1974-ல் சொன்னார். 1975 டிசம்பரில் கீழவை தனியாக ஒரு தீர்மானம் போட்டு அந்த முடிவை ரத்து செய்தது. விவாதம் இல்லை, பெயர் சொல்லி வாக்கெடுப்பும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு சபை மட்டும் தீர்மானம் போட்டு நிர்வாகத்தின் முடிவை வெட்ட முடியாது, இரு சபைகளும் நிறைவேற்றி அதிபரிடம் போக வேண்டும் என்று 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. சாதாவுக்கு அது நல்ல முடிவு. ஆனால் அன்றிலிருந்து "குழுவுக்கு அறிவித்தோம்" என்ற வரிக்கு அர்த்தம் அறிவித்தோம் என்பது மட்டுமே, அனுமதி வாங்கினோம் என்பது இல்லை.

அதற்காக இந்தப் பிரிவுகள் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். குடிமக்கள் உரிமை அலுவலகம், குடியேற்றத் தடுப்புக் காவல் மையங்களுக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம், யுஎஸ்சிஐஎஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் என்று மூன்று அலுவலகங்களின் ஆட்களையும் மொத்தமாக ஆட்குறைப்பில் அனுப்பப் போவதாகத் துறை அறிவித்தது. மூன்றுமே சட்டம் படைத்தவை. அதனாலேயே அது நீதிமன்றத்துக்குப் போனது. சட்டம் கேட்கும் கடமைகளைச் செய்வோம் என்று துறையும் சொல்ல வேண்டி வந்தது. அலுவலகத்தை ஒழிக்க முடியாவிட்டால் நாற்காலிகளைக் காலி செய்வது ஒரு வழி. சட்டம் அலுவலகம் இருக்க வேண்டும் என்கிறது, எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அந்த ஓட்டையைத்தான் நீங்கள் பார்க்கப் பழக வேண்டும்.

படி 4: பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது

நேரம் இல்லை, ஒரே ஒரு படியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

யுஎஸ்சிஐஎஸ் பெரும்பாலும் நீங்களும் நானும் கட்டும் விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுகிறது, வரிப்பணம் அதில் கொஞ்சம்தான். ஐஸும் சிபிபியும் முக்கியமாக வரிப்பணத்தில் ஓடுகின்றன. 2002 சட்டத்தின் 476-வது பிரிவு இரண்டு பைகளையும் தனித்தனியாக வைக்கச் சொல்கிறது. ஆனாலும் 2019-ல் கட்டணத்தை உயர்த்தும் வரைவு விதியோடு, யுஎஸ்சிஐஎஸ் கட்டணத்திலிருந்து 20 கோடி டாலருக்கு மேல் ஐஸுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பி 2020-ல் வந்த இறுதி விதியில் அது இல்லை. பெரிய தலைப்புச் செய்தி ஆகாத இந்த மாதிரி வரிகளில்தான் உண்மையான மறுசீரமைப்பு நடக்கும். ஊரே பலகை மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும், பணம் பின்வாசலில் மாறும்.

கட்டணத்தில் ஓடும் அலுவலகத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு, விண்ணப்பம் குறைந்தால் சம்பளத்துக்கே பணம் இருக்காது. 2020-ல் கொரோனா வந்தபோது யுஎஸ்சிஐஎஸ் காங்கிரஸிடம் 120 கோடி டாலர் கேட்டது, கிடைக்காவிட்டால் ஏறக்குறைய 13,400 ஊழியர்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவோம் என்றது. கீழவையின் குடியேற்றத் துணைக்குழு ஜூலை மாதம் விசாரணை நடத்தியது, எம்.பி.க்கள் கணக்கைத் தோண்டினார்கள், கடைசியில் ஆகஸ்ட் 25 அன்று அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கூடுதல் பணம் கட்டினால் சீக்கிரம் பார்க்கும் பிரீமியம் சேவையை விரிவாக்க அதே வருடம் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. இன்று ஐ-140 (வேலை வழிக் கிரீன் கார்டு மனு) தாண்டியும் வேறு சில விண்ணப்பங்களுக்குப் பிரீமியம் கிடைக்கிறதே, அதன் மூலம் இந்தக் கணக்குத் தகராறுதான்.

வரிப்பணத்தில் ஓடும் பக்கத்துக்குக் கடிவாளம், வருடாந்திர நிதி ஒதுக்கீட்டுச் சட்டம். 872-வது பிரிவைப் பயன்படுத்த இந்தப் பணத்தில் ஒரு டாலரும் செலவழிக்கக் கூடாது என்று பல ஆண்டுகள் அதில் ஒரு வரி எழுதி வைத்தார்கள். அறிவிப்பால் நிறுத்த முடியாததைப் பணத்தால் நிறுத்தும் வித்தை. அது நிஜமான பல். ஆனால் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குக் குறிப்பிட்ட அளவு மாற்றிக்கொள்ள அதே சட்டங்கள் இடமும் கொடுக்கின்றன. 2019-ல் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 15.5 கோடி டாலர் உட்பட மொத்தம் 27.1 கோடி டாலரை ஐஸ் பக்கம் நகர்த்துகிறோம் என்று துறை அறிவித்தது. கீழவையின் ஒதுக்கீட்டுத் துணைக்குழுத் தலைவர் கடிதம் போட்டு எதிர்த்தார். நகர்த்தியது நகர்த்தியதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2025 ஜூலையில் வந்த பெரிய சட்டம் ஐஸுக்கு ஏறக்குறைய 7,500 கோடி டாலரை 2029 செப்டம்பர் வரை செலவழிக்கும்படி ஒரே தடவையில் கொடுத்துவிட்டது. வருடாவருடம் வந்து கேட்டால்தான் கேள்வி கேட்க முடியும். நாலு வருடக் காசு கையில் இருப்பவரிடம் கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது? கண்காணிப்பைக் காங்கிரஸ் தானே தளர்த்திக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன், எந்தக் கட்சிக்காரர் வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளட்டும்.

படி 5: எந்தக் குழு என்று கண்டுபிடியுங்கள்

இது சிக்கலான வீடு. கீழவையில் குடியேற்றக் கொள்கையும் நாட்டுக்குள் நடக்கும் அமலாக்கமும் நீதித்துறைக் குழுவிடம். எல்லை, துறைமுகப் பாதுகாப்பு எல்லாம் உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவிடம். பணம் ஒதுக்கீட்டுக் குழுவிடம். செனட்டிலும் ஏறக்குறைய இதே பங்கீடுதான். 2004-ல் வந்த 9/11 ஆணைய அறிக்கை எண்ணிப் பார்த்து, இந்தத் துறையின் தலைவர்கள் 88 குழுக்கள், துணைக்குழுக்கள் முன் ஆஜராகிறார்கள் என்றது. 22 அமைப்புகளை ஒன்றாக்கிய காங்கிரஸ் தன்னை மட்டும் ஒன்றாக்கிக்கொள்ளவில்லை. 88 மேஸ்திரிகள் இருக்கும் கட்டடத்தில் கொத்தனாருக்குக் கொண்டாட்டம்தான்.

உங்களுக்குத் தேவையானது இவ்வளவே: விசா, கிரீன் கார்டு விஷயம் என்றால் இரு சபைகளின் நீதித்துறைக் குழுக்கள், பண விஷயம் என்றால் ஒதுக்கீட்டுக் குழுக்களின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழுக்கள். மற்றதை விட்டுவிடலாம்.

படி 6: விசாரணையைப் பார்க்காதீர்கள், படியுங்கள்

குழு விசாரணைகள் இணையத்தில் நேரலையாக வரும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஐந்து நிமிடம், அதில் நான்கு நிமிடம் அவரே பேசுவார், மிச்சத்தில் சாட்சியை "ஆமாவா இல்லையா" என்று மடக்குவார். ரீல்ஸுக்கு நல்லது, உங்களுக்கு உதவாது. குழுவின் இணையப் பக்கத்தில் சாட்சிகளின் எழுத்து வடிவ வாக்குமூலம் இருக்கும், அதை இறக்கிக்கொள்ளுங்கள். முதல் பக்க மரியாதைகளைத் தாண்டினால் எத்தனை ஆட்கள், எத்தனை நிலுவை, எந்தப் பிரிவு எங்கே போகிறது என்ற எண்கள் வரும்.

அதைவிட முக்கியம், விசாரணை முடிந்த பிறகு உறுப்பினர்கள் எழுத்தில் அனுப்பும் கேள்விகளும் அவற்றுக்கு வரும் பதில்களும். இவை மாதக்கணக்கில் தாமதமாக, அச்சிட்ட பதிவின் கடைசியில் வரும். நேரில் "பார்த்துச் சொல்கிறேன்" என்று நழுவிய அதிகாரி எழுத்தில் அப்படி எளிதாக நழுவ முடியாது. கேட்டது எண், வந்தது ஒரு பத்தி நீளத்துக்குக் கொள்கை விளக்கம் என்றால் அந்த எண் அவர்களுக்குச் சாதகமாக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 7: அறிக்கைகள்

ஜிஏஓ என்பது காங்கிரஸின் சொந்தத் தணிக்கை அலுவலகம், நம்மூர் சிஏஜி மாதிரி. துறை பிறந்த 2003-லேயே அதன் உருமாற்றத்தை "அதிக ஆபத்து" பட்டியலில் சேர்த்துவிட்டது. 2013-ல் அந்தப் பதிவைச் சுருக்கியதே தவிர எடுக்கவில்லை. பயம் வீணாகவும் இல்லை. பழைய ஐஎன்எஸ், சுங்கத் துறைப் பணத்தை மூன்று புதிய அமைப்புகளுக்கும் பங்கு பிரித்ததில் குழப்பமாகி, 2004 மார்ச்சில் ஆள் எடுப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. பணத்தையும் ஆட்களையும் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று காங்கிரஸுக்குத் திட்டம் கொடுங்கள் என 477-வது பிரிவு கேட்டிருந்தது. கேட்டது சரிதான். கேட்பதும் சரிபார்ப்பதும் ஒன்றில்லையே.

ஜிஏஓ தளத்தில் ஒவ்வொரு அறிக்கையின் பக்கத்திலும் பரிந்துரைகள் வரிசையாக இருக்கும், பக்கத்திலேயே நிறைவேறியதா, இன்னும் திறந்திருக்கிறதா என்ற நிலையும் இருக்கும். அறிக்கையைப் படிக்க நேரமில்லையென்றால் அந்தப் பட்டியலை மட்டும் பாருங்கள். துறையின் உள்ளேயே இருக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகமும் இப்படி அறிக்கை போடும். 2005-ல் ஐஸையும் சிபிபியையும் ஒன்றாக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ஒரே வேலையை இரண்டாகப் பிரித்ததால் களத்தில் வந்த சிக்கல்களை அது விரிவாக எழுதியது. அன்றைய செயலர் செர்டாஃப் ஒன்றாக்கவில்லை.

மூன்றாவது, யுஎஸ்சிஐஎஸ் குறைதீர்ப்பாளர். 452-வது பிரிவுப்படி ஒவ்வொரு ஜூன் 30-க்குள் இரு சபைகளின் நீதித்துறைக் குழுக்களுக்கும் அறிக்கை தர வேண்டும், அதுவும் செயலரிடமோ யுஎஸ்சிஐஎஸ்ஸிடமோ முன்கூட்டிக் காட்டித் திருத்தம் வாங்காமல் நேராக. அரசு அலுவலகங்களில் இந்த மாதிரி விதி அபூர்வம். 2025-ல் ஆட்குறைப்பில் சிக்கியதில் இதுவும் ஒன்று என்பதை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

படி 8: உங்கள் ஃபைலை வைத்து நீங்களே கேளுங்கள்

குடிமகன் இல்லையென்றால் எம்.பி. கண்டுகொள்ள மாட்டார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தவறு. அந்தத் தொகுதியில் வசிக்கிறீர்களா என்றுதான் பொதுவாகக் கேட்பார்கள். உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டு எம்.பி. யார் என்று பார்த்து, அவர் தளத்தில் "அரசு அலுவலகத்திடம் உதவி" என்ற மாதிரி இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். தனியுரிமை ஒப்புதல் படிவம் ஒன்று கேட்பார்கள். பெயர், ரசீது எண், இருந்தால் ஏ-எண் (குடியேற்றப் பதிவில் உங்களுக்கான அடையாள எண்), கையெழுத்து. அது இல்லாமல் அலுவலகம் உங்கள் விவரத்தை வாங்கவே முடியாது.

எழுதும்போது கதை வேண்டாம். எந்தப் படிவம், எந்த மையம், எந்தத் தேதியில் போட்டது, யுஎஸ்சிஐஎஸ் தளம் காட்டும் பரிசீலனைக் காலத்தை எத்தனை நாள் தாண்டிவிட்டது, இவ்வளவுதான். ஃபைல் ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அந்த மாற்ற அறிவிப்பையும் சேர்த்து அனுப்புங்கள், ஏனென்றால் மறுசீரமைப்பில் ஃபைல்கள் தொங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். எம்.பி. அலுவலகத்தால் அங்கீகாரம் வாங்கித் தர முடியாது, ஃபைல் எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்ல முடியும். ஒரே மையத்தைப் பற்றி ஒரே மாதிரிப் புகார் நிறைய வந்தால் அந்த அலுவலகத்து ஊழியர் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார், அடுத்த விசாரணைக்கு எம்.பி.க்குக் கேள்வி எழுதிக் கொடுப்பதும் அதே அலுவலகத்து ஆட்கள்தான். படிவத்தை அனுப்பி இரண்டு மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுங்கள், வாஷிங்டன் எண்ணுக்கு வேண்டாம், தொகுதி அலுவலக எண்ணுக்கு.